360, 90, 240+120: எந்தப் பட்டத்தில் படிப்பு அதிகம்?

வெள்ளவத்தை_அப்பா:

வணக்கம். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டாள். இசட் புள்ளி கொஞ்சம் காணாது, அரச பல்கலைக்கழகம் கிடைக்காது. அதனால் காலி வீதியில் மூன்று இடங்களுக்கு ஏறி இறங்கினோம். மூன்று இடத்திலும் வியாபார முகாமைத்துவப் பட்டம்தான். மூன்றும் முடிக்க மூன்று வருடம்.

முதல் இடம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம். 360 கிரெடிட். இரண்டாவது இடம் இங்கேயே அங்கீகாரம் பெற்ற பட்டம். 90 கிரெடிட். மூன்றாவது இடத்தில் முதல் இரண்டு வருடம் எச்என்டி எனும் உயர் தேசிய டிப்ளோமா, அதற்கு 240. பிறகு அந்த டிப்ளோமாவைப் பட்டமாக்கும் டொப்-அப் ஒரு வருடம், அதற்கு 120.

முதல் இடத்தில் கவுண்டரில் இருந்த தம்பி சொன்னார்: "அங்கிள், எங்களிடம் 360. பக்கத்துக் கட்டிடத்தில் 90தான். நீங்களே யோசித்துப் பாருங்கள்."

நான் கணக்காய்வு வேலை செய்தவன். யாராவது எண் சொன்னால் அலகு என்ன என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டேன். தம்பி பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிரெடிட் என்றால் என்ன? யார் வைத்த அளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்காரன்:

அண்ணா, நான் ஒரு அரச பல்கலைக்கழகத்தின் கல்விக் கிளையில் இருக்கிறேன். தினமும் இந்தக் கோப்புகளோடுதான் சீவியம்.

மூன்று இடமும் சொல்வது மூன்று வருட முழுநேரப் படிப்பு. அளவுதான் வேறு. கொத்தால் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்த மாதிரி.

இலங்கையில் 2012இல் தகைமைக் கட்டமைப்பு ஒன்று வந்தது. எஸ்எல்கியூஎப் என்பார்கள். 2015இல் திருத்தினார்கள். அதன்படி ஒரு கிரெடிட் என்றால் ஒரு மாணவர் சராசரியாக 50 மணித்தியாலம் செலவழிக்க வேண்டிய படிப்பு. வருடத்துக்கு 1500 மணித்தியாலம், அதாவது 30 கிரெடிட். மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நாலு வருட ஹானர்ஸ் 6ஆம் மட்டம், 120. முன்பு பொதுப்பட்டம், சிறப்புப்பட்டம் என்று சொன்னோமே, ஏறக்குறைய அவைதான்.

இங்கிலாந்தில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம். வருடத்துக்கு 120, மூன்று வருடத்துக்கு 360. எச்என்டியும் அதே அளவில்தான் போகிறது. இங்கிலாந்துக் கணக்கில் 4ஆம் மட்டத்தில் 120, 5ஆம் மட்டத்தில் 120, மொத்தம் 240. அதோடு டொப்-அப் 120 சேர்த்தால் 360. ஆக, உங்கள் முதல் இடமும் மூன்றாவது இடமும் ஒரே தொகை.

ஐரோப்பாவில் வருடத்துக்கு 60. அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணித்தியாலம்.

இங்கே 30, ஐரோப்பாவில் 60, இங்கிலாந்தில் 120. மூன்றும் ஒரு வருடம். அந்தத் தம்பிக்கு இதை அச்சடித்துக் கொடுங்கள்.

சும்மா_பார்வை:

நான் கோட்டையில் ஒரு கம்பனியில் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாய் வரும். கிரெடிட் எத்தனை என்று ஒரு முகாமையாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த இடம், எந்த வகுப்பு, ஆங்கிலம் எப்படி, இவ்வளவுதான். அண்ணா, கட்டணத்தையும் பஸ் தூரத்தையும் பாருங்கள்.

ஸ்காபரோ_சிவம்:

கோட்டையில் கேட்கமாட்டார்கள். விமானம் ஏறினால் கேட்பார்கள்.

நான் கொழும்பில் படித்துவிட்டு இங்கே கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். பெறுபேற்றுப் பட்டியலில் பாடத்தின் பெயரும் புள்ளியும் மட்டும் இருந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணித்தியாலம், என்ன படிப்பித்தார்கள் என்று பாடத்திட்ட விவரம் கேட்டார்கள். படித்த இடத்துக்கு எழுதினால் பதில் இல்லை. கடைசியில் கொழும்பில் இருந்த மச்சான் நேரில் போய் நின்று ஒரு பிரதி வாங்கி அனுப்பினான்.

அதனால் மகளுக்குச் சொல்லுங்கள்: ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் தரும் பாடத்திட்டத் தாளை எறியக்கூடாது. ஸ்கேன் பண்ணி வைக்கட்டும். இன்னொன்று, கிரெடிட் இருக்கிறது என்பதற்காக இன்னொரு பல்கலைக்கழகம் அதை ஏற்கத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாட உள்ளடக்கம் ஒத்துப்போகிறதா, என்ன தரம் எடுத்தீர்கள், படித்து எவ்வளவு காலம், இவற்றைப் பார்த்து அவர்கள்தான் முடிவெடுப்பார்கள்.

வெள்ளவத்தை_அப்பா:

கோப்புக்காரன் தம்பிக்கு நன்றி. ஆனால் எனக்குள் இருக்கும் கணக்காய்வாளன் விடமாட்டேன் என்கிறான்.

முதலாவது: 360ஐ 10ஆல் பெருக்கினால் 3600. 90ஐ 50ஆல் பெருக்கினால் 4500. அப்படியென்றால் நம் ஊர்ப் பட்டத்தில்தானே 900 மணித்தியாலம் கூட?

இரண்டாவது: முதல் இடத்தின் நேரசூசியைப் பார்த்தேன். 20 கிரெடிட் பாடம் என்றால் 200 மணித்தியாலம். ஆனால் வாரத்துக்கு 3 மணித்தியாலம் வகுப்பு, 12 வாரம். அது 36 மணித்தியாலம்தான். மீதி 164 எங்கே? காசு 200க்கு வாங்கிக்கொண்டு 36க்குப் படிப்பிக்கிறார்களா?

சாக்குத்துண்டு:

நான் விரிவுரையாளன். இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

அந்த 164 உங்கள் மகளுடைய நேரம். வாசிப்பது, ஒப்படை எழுதுவது, குழுவேலை, சோதனைக்குப் படிப்பது, சோதனை எழுதுவது எல்லாம் அதற்குள் அடங்கும். இங்கிலாந்து முறையிலும் இலங்கை முறையிலும் ஐரோப்பிய முறையிலும் கிரெடிட் அளப்பது மாணவரின் உழைப்பு நேரத்தை. ஆசிரியர் நின்று பேசிய நேரத்தை அல்ல. நம் ஊரில் 3 கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை வழக்கமாக 45. மீதி 105 மாணவர் தலையில்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே இது ஓய்வூதியத்தில் பிறந்த அளவு. 1905இல் ஆன்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டொலர் ஒதுக்கினார். எல்லாரும் தங்களைக் கல்லூரி என்று சொல்லிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? கார்னகி அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. மாணவரைச் சேர்க்கும்போது பள்ளியில் 14 அலகு படித்திருக்க வேண்டும். ஒரு பாடத்தை ஒரு வருடம் 120 மணித்தியாலம் படித்தால் அது ஓர் அலகு. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் எல்லாம் இந்த அளவுக்குள் வந்தன. 1910இல் மொரிஸ் குக் என்ற பொறியியலாளர், தொழிற்சாலைத் திறனை அளப்பவர், அதே அறக்கட்டளைக்காகப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 'மாணவர் மணித்தியாலம்' என்று ஒன்றை வைத்தார். ஒரு மாணவர் ஒரு மணித்தியாலம் வகுப்பிலோ ஆய்வுகூடத்திலோ இருந்தால் அது ஒன்று. செலவைக் கணக்குப் பார்க்க வைத்த அளவு அது. படிப்பின் தரத்தை அளக்க யாரும் இதை உருவாக்கவில்லை என்பதை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். கேட்டுவிட்டு, "சேர், இது சோதனைக்கு வருமா?" என்பார்கள்.

பிறகு அரசாங்கக் கல்விக் கடன் வந்தது. கடன் கொடுப்பவருக்கு முழுநேர மாணவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கும் கிரெடிட்தான். ஆனால் 2011 யூலையில்தான் அமெரிக்க மத்திய அரசின் விதியில் ஒரு வரைவிலக்கணம் நடைமுறைக்கு வந்தது: வாரத்தில் ஒரு மணித்தியாலம் வகுப்பு, குறைந்தது இரண்டு மணித்தியாலம் வெளியே வேலை, ஏறக்குறைய 15 வாரம். பெருக்கினால் 45. நம்முடைய 50க்குப் பக்கம்.

உங்கள் முதல் கேள்வி நல்ல கேள்வி. விடை மட்டும் நீங்கள் நினைப்பது அல்ல. இங்கிலாந்துக்காரர் ஒரு முழுநேர வருடத்தை 1200 மணித்தியாலம் என்று எழுதிக்கொண்டார்கள், நாங்கள் 1500 என்று எழுதிக்கொண்டோம். ஐரோப்பாவோடு மாற்றும்போது அவர்களுடைய 2 கிரெடிட்டுக்கு அங்கே 1. அதாவது இங்கிலாந்தின் 20 மணித்தியாலமும் ஐரோப்பாவின் 25 மணித்தியாலமும் ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும் அது பொருந்தவில்லை என்று. வருடத்துக்கு வருடம் சமம் என்று பேசி முடித்துவிட்டார்கள். யாரும் மாணவருக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து அளக்கவில்லை, ஐயா.

குப்பி_ராணி:

கடிகாரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருங்கள் சேர்!

நான் விஞ்ஞான பீடம், இரண்டாம் வருடம். எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் முழுக்க இரசாயனவியல் லெப், 3 மணித்தியாலம். அதற்கு 1 கிரெடிட். அதே வாரத்தில் ஒரு மணித்தியாலம் விரிவுரைக்குப் போய்க் கடைசி வரிசையில் தூங்கினாலும் 1 கிரெடிட். லெப் அறிக்கை எழுத இரவு இரண்டு மணி ஆகிறது. இதில் என்ன நியாயம்?

கோப்புக்காரன்:

தங்கச்சி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான பீடங்களில் 15 மணித்தியால விரிவுரை ஒரு கிரெடிட். செய்முறை என்றால் 30 அல்லது 45 மணித்தியாலம் ஒரு கிரெடிட். விரிவுரைக்கு மாணவர் வெளியே 35 மணித்தியாலம் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். லெப்பில் வேலை அங்கேயே முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் லெப் 3 மணித்தியாலம், 15 வாரம், 45. மீதி 5 மணித்தியாலம்தான் அறிக்கைக்கு. முழு செமஸ்டருக்கும் 5. நீங்கள் இரவு இரண்டு மணி வரை எழுதுகிறீர்கள் என்றால் பாடத்தை வடிவமைத்தவர் கணக்கு சரியில்லை. பாடத்திட்ட மீளாய்வு வரும்போது மாணவர் பிரதிநிதி மூலம் இதை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். "5 மணித்தியாலம் ஒதுக்கிய இடத்தில் இத்தனை மணித்தியாலம் போகிறது" என்று எழுதினால் கூட்டக் குறிப்பில் வரும்.

ஆராய்ச்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் இன்னொரு அளவு. அங்கே ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். 6 கிரெடிட் பயிற்சி என்றால் 600 மணித்தியாலம், வாரம் 40 என்றால் 15 வாரம். கம்பனிக்குப் போய் முழுநேரம் வேலை செய்துவிட்டு "இவ்வளவுக்கும் 6தானா" என்று கேட்காத பெட்ச் கிடையாது.

நாவல_இரவு:

திறந்த பல்கலைக்கழக மாணவி நான். பகலில் வங்கி வேலை. எங்களுக்கு இந்த விவாதம் பழையது. நாவலயில் வகுப்பு குறைவு, புத்தகம்தான் ஆசிரியர். இருக்கையில் இருந்த நேரத்தை வைத்துக் கிரெடிட் கொடுப்பது என்றால் எங்களுக்கு எதுவுமே கிடைக்காது. மாணவரின் நேரத்தை அளப்பதால்தான் தொலைக்கல்விப் பட்டம் மற்றப் பட்டத்தோடு ஒரே மட்டத்தில் நிற்கிறது.

வேலை செய்துகொண்டு படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வருடத்துக்கு 30 கிரெடிட் பதிந்தால் 1500 மணித்தியாலம். 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 29. வேலை முடிந்து வந்து வாரம் 29 மணித்தியாலம் யாருக்கு முடியும்? நான் பாதிதான் பதிவேன். பட்டம் ஆறுதலாக வரட்டும். "வேலையோடு சேர்த்து மூன்றே வருடம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு" என்று விளம்பரம் போடுகிறார்களே, அவர்களிடம் இந்த 29ஐப் பற்றிக் கேளுங்கள்.

குப்பி_ராணி:

அக்கா சொன்னதைப் பார்த்து நானும் போட்டேன். செமஸ்டருக்கு 15 கிரெடிட், 750 மணித்தியாலம். 15 வாரத்துக்கு வாரம் 50! ஸ்டடி லீவும் சோதனை வாரங்களும் சேர்த்து 20 வாரம் என்று வைத்தாலும் 37 அரை. எங்கள் பெட்ச்சில் பாதிப் பேர் கடைசி இரண்டு வாரத்தில் பாஸ்ட் பேப்பரும், மாணவரே மாணவருக்கு நடத்தும் குப்பி வகுப்பும் வைத்துத்தான் கரை சேர்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் வந்ததே சீனியர்களிடம் கேட்டதை அப்படியே ஜூனியர்களுக்குக் குப்பி போட்டதால்தான்.

இன்னொன்று. 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. பிறகு செமஸ்டரைச் சுருக்கி, காலையும் மாலையும் விரிவுரை, சனிக்கிழமையும் விரிவுரை. 2022இல் எரிபொருள் இல்லாத நேரம் அண்ணாவுடைய பெட்ச் ஒன்லைனில் படித்தது. எல்லாருடைய பட்டியலிலும் அதே 3 கிரெடிட்தான். எங்களுக்கு வாசிக்க நேரம் எங்கே இருந்தது?

சாக்குத்துண்டு:

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விரிவுரை 45 மணித்தியாலத்தை நாங்கள் எப்படியாவது நிரப்பிவிடுவோம், வரவுப் பதிவேடு சாட்சி. 105 மணித்தியாலத்துக்குப் பதிவேடு கிடையாது. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். தாளில் ஒன்றும் தெரியாது.

சும்மா_பார்வை:

அதைத்தானே நான் முதலில் சொன்னேன். கற்பனை மணித்தியாலத்தை வைத்து ஏன் இவ்வளவு கூத்து? என்ன தெரியும் என்று சோதித்துவிட்டுப் பட்டம் கொடுத்தால் முடிந்தது.

சாக்குத்துண்டு:

முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அங்கே வகுப்பில் எத்தனை மணித்தியாலம் இருந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. மதிப்பீட்டில் தேர்ந்தால் அடுத்த பாடம். கெட்டிக்காரர் சீக்கிரம் முடிக்கலாம். ஆனால் அவர்களும் தங்கள் அலகைக் கடைசியில் செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமப்படுத்தித்தான் எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் கடன் கொடுப்பவருக்கும் அடுத்த பல்கலைக்கழகத்துக்கும் விளங்காது.

கிரெடிட்டை நான் காதலிக்கவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் ஒரு பாடத்தில் எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கு எல்லையே இருக்காது. என் சக விரிவுரையாளர்கள் சிலர் தங்கள் பாடம்தான் உலகம் என்று நினைப்பவர்கள். அவர்களிடம் "இது 2 கிரெடிட், 100 மணித்தியாலத்துக்குள் நிறுத்துங்கள்" என்று சொல்ல எனக்கு இருக்கும் ஒரே ஆயுதம் இது. ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளியிலும் இதன் நிறை இருக்கிறது. ஏ என்றால் 4, சி என்றால் 2. 3 கிரெடிட் பாடத்தில் ஏ எடுத்து 1 கிரெடிட் பாடத்தில் சி எடுத்தால் 12ஐயும் 2ஐயும் கூட்டி 4ஆல் பிரிக்க வேண்டும், 3.5 வரும். கிரெடிட் பாராமல் சராசரி எடுத்தால் 3தான். குப்பி ராணிக்கு அந்த 1 கிரெடிட் லெப் ஏன் வலிக்கிறது என்று இங்கே இன்னும் நன்றாகத் தெரியும்: எவ்வளவு உழைத்தாலும் ஜிபிஏயை அது பெரிதாக அசைக்காது.

பம்பலப்பிட்டி_பேரன்:

இடையில் வருகிறேன். என் மச்சாள் சென்னையில் படிக்கிறாள். அவளுடைய மூன்று வருடப் பட்டம் 120 கிரெடிட் என்கிறாள். கோப்புக்காரன் அண்ணா இங்கே 120 என்றால் நாலு வருடம் என்றார். அப்போ இந்தியாவில் சீக்கிரம் படிக்கிறார்களா?

கோப்புக்காரன்:

இல்லை தம்பி. இந்தியாவில் 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 30 மணித்தியாலம், வருடத்துக்கு 1200 மணித்தியாலம், 40 கிரெடிட். மூன்று வருடம் 120, நாலு வருடம் 160.

அதனால் 120 என்ற ஒரே எண் இங்கிலாந்தில் ஒரு வருடம், இந்தியாவில் மூன்று வருடம், இலங்கையில் நாலு வருடம். அமெரிக்காவிலும் வழக்கமான நாலு வருடப் பட்டம் 120தான். நாட்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் யாராவது சொன்னால் விற்கிறார் என்று அர்த்தம்.

வெள்ளவத்தை அண்ணா, நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பட்டம் கொடுப்பது யார்? உள்ளூர் இடம் என்றால் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி இருக்கிறதா, உங்கள் மகள் எடுக்கும் அதே பட்டத்துக்கு இருக்கிறதா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்கே ஏற்கிறார்களா என்று வோர்ட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே விசாரியுங்கள். எச்என்டி என்றால், டொப்-அப்புக்கு எடுப்போம் என்று எந்தப் பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்லியிருக்கிறது? அந்த 240ஐ ஏற்கிறவர் இருந்தால்தான் அது மூன்றில் இரண்டு பங்கு பட்டம். இல்லாவிட்டால் அது ஒரு டிப்ளோமா.

வெள்ளவத்தை_அப்பா:

மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று இடத்துக்கும் திரும்பப் போனேன்.

இரண்டாவது இடத்தில் அனுமதி வர்த்தமானியின் பிரதியைக் கேட்டவுடன் எடுத்துத் தந்தார்கள். பட்டத்தின் பெயர் அதில் அப்படியே இருக்கிறது. முதல் இடத்தில் பழைய தம்பி இல்லை, வேறு ஒரு பிள்ளை. பாடத்திட்டத்தைக் கேட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை, சுயபடிப்பு எத்தனை என்று அட்டவணை இருந்தது. மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, 164ஐ நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கட்டணத்தைப் பாருங்கள்" என்றாள். மூன்றாவது இடத்தில் டொப்-அப்புக்கு எடுப்பதாக ஒரு கடிதம் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் தலைப்பில் இருக்கிறது. படம் எடுத்திருக்கிறேன். அது போதுமா?

கோப்புக்காரன்:

கடிதத்தில் திகதி என்ன? எந்த வருடச் சேர்க்கைக்கு என்று இருக்கிறதா? எச்என்டியில் எந்தெந்தப் பாடங்கள், குறைந்தது என்ன தரம் என்று நிபந்தனை ஏதும் இருக்கிறதா? மகள் டொப்-அப்புக்குப் போவது இரண்டு வருடம் கழித்து. இந்த வருடத்தோடு முடியும் ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் கடிதம் அவளுக்கு உதவாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் சேர்க்கைப் பிரிவின் மின்னஞ்சல் இருக்கும். கடிதத்தின் படத்தை இணைத்து, இது நீங்கள் கொடுத்ததா, எப்போது வரை செல்லும் என்று மகளையே எழுதச் சொல்லுங்கள். பதில் வரும்வரை முற்பணம் கட்ட வேண்டாம்.